நீடித்த நோய்களில் உடற்பயிற்சி: ஆய்வுகள் எதைச் சோதித்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துச் சீட்டின் கடைசி வரியில் 'தினமும் வாக்கிங்' என்று எழுதிக் கொடுப்பது நம் கிளினிக்குகளில் வழக்கம். மாத்திரைக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு முன், பின் என்று கணக்கு உண்டு. வாக்கிங்குக்கு எந்தக் கணக்கும் இருக்காது. உடற்பயிற்சி நோயைக் குறைக்கிறது என்று காட்டிய பெரிய ஆய்வுகளில் யாரும் இப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. எத்தனை நிமிடம், என்ன வேகம் என்று குறித்துக் கொடுத்தார்கள், மாதக்கணக்கில் கூடவே இருந்து பார்த்தார்கள். இந்த விஷயம் நோயாளிகளின் காதுக்கு எட்டாமலே போகிறது என்ற ஆதங்கத்தில்தான் இந்தப் பக்கம்.

நடப்பது நல்லது என்று எல்லாருக்கும் தெரியுமே, இதில் ஆராய என்ன இருக்கிறது?

இன்றைக்குத் தெரியும். 1950-களில் தெரியாது. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் கட்டிலை விட்டு இறங்க விடாமல் வைத்திருந்த காலம் அது. அப்போது லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், நகரப் போக்குவரத்து ஊழியர்கள் சுமார் 31,000 பேரின் விவரங்களைப் பார்த்து 1953-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். டிரைவரும் கண்டக்டரும் ஒரே பஸ்ஸில் வேலை செய்பவர்கள். டிரைவர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் மாடி பஸ்ஸின் படிகளில் ஏறி இறங்கி டிக்கெட் கொடுப்பார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை. கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக வந்தது. வந்தாலும் வயது தள்ளி வந்தது.

1966-இல் அமெரிக்காவின் டல்லாஸில் இன்னொரு ஆய்வு நடந்தது. 20 வயதுள்ள ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. அதே ஐந்து பேரை 30 ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் 30 வருட முதுமை செய்த சேதத்தைவிட அதிகமாக இருந்தது. ஐந்தே பேர்தான், உண்மை. ஆனாலும் 'ஓய்வு எடுத்தால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கையை அசைத்த ஆய்வுகளில் இது முக்கியமானது.

நடப்பதால் ஆரோக்கியமா, ஆரோக்கியமாக இருப்பதால் நடக்கிறார்களா?

மிகச் சரியான கேள்வி. மோரிஸே இதை யோசித்தார். சீருடை தைப்பதற்காக எடுத்த அளவுக் குறிப்புகளை வாங்கிப் பார்த்து 1956-இல் எழுதினார்: டிரைவர்களின் இடுப்பளவு கண்டக்டர்களைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியென்றால் வேலை அவர்களைப் பருமனாக்கியதா, பருமனானவர்கள் டிரைவர் வேலைக்குப் போனார்களா? வெறுமனே கவனித்துப் பார்க்கும் ஆய்வால் இதை முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. உடம்பு முடியாதவர் நடக்க மாட்டார். நடக்காததால் உடம்பு முடியவில்லை என்று கணக்கு தப்பாகிவிடும்.

அதனால்தான் குலுக்கல் முறை ஆய்வுகள் தேவை. யார் பயிற்சிக் குழுவில், யார் ஒப்பீட்டுக் குழுவில் என்பதை நோயாளியும் முடிவு செய்வதில்லை, மருத்துவரும் முடிவு செய்வதில்லை. கீழே சொல்லும் முடிவுகளில் பெரும்பாலானவை அப்படிக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தவை. அப்படி இல்லாத இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பார்டர்லைன் சுகர் என்கிறார்கள். நடந்தால் சர்க்கரை நோய் வராமல் தடுக்கலாமா?

பலருக்குத் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம். ஆய்வு ஆதாரம் மிக வலுவாக உள்ள இடங்களில் இது ஒன்று.

சீனாவின் டா சிங் நகரில் 1986-இல் தொடங்கிய ஆய்வில் 577 பேர். ஆறு வருடத்தில் ஒப்பீட்டுக் குழுவில் 100-க்கு 68 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது, உடற்பயிற்சிக் குழுவில் 41 பேருக்கு. அமெரிக்காவில் 3,234 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது: வாரம் 150 நிமிட உடலுழைப்பும் எடைக் குறைப்பும் சேர்ந்து ஆபத்தை 58% குறைத்தன, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 31% குறைத்தது.

நமக்கு நெருக்கமானது சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு. 531 பேர். மூன்று வருடத்தில் ஒப்பீட்டுக் குழுவில் 55% பேருக்கு நோய் வந்தது. உணவு, நடை இரண்டையும் மாற்றியவர்களில் 39.3%. மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 40.5%. பழக்க மாற்றம், மாத்திரை இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் லாபம் எதுவும் இல்லை. 100 பேரில் 16 பேர் தப்பினார்கள் என்பது சின்ன விஷயமல்ல. அதே நேரம், உணவு, நடை மாற்றிய அந்தக் குழுவிலும் 39 பேருக்கு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நடந்தும் சுகர் வந்துவிட்டது என்று குற்ற உணர்ச்சியோடு வருபவர்களுக்கு இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஆய்வுகளில் 'கூடவே இருந்தது' எப்படி? அமெரிக்க ஆய்வில் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றுநர், 16 பாட வகுப்புகள். சென்னை ஆய்வில் போனில் தொடர்ந்து பேசினார்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்தார்கள். அதே சென்னைக் குழு பிறகு செல்போன் குறுஞ்செய்திகளை மட்டும் தொடர்ந்து அனுப்பி, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரிடம் சோதித்துப் பார்த்தது. 2013-இல் வெளியான முடிவு: இரண்டு வருடத்தில் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18% பேருக்கும், முதலில் ஒருமுறை அறிவுரை மட்டும் கேட்டுப் போனவர்களில் 27% பேருக்கும் நோய் வந்தது. விடாமல் நினைவூட்டியதற்கே இவ்வளவு பலன்.

மூன்று மாதமாக நடக்கிறேன், எடை குறையவே இல்லை. வீண்தானா?

இல்லை. மேலே சொன்ன சென்னை ஆய்வில் பலன் கிடைத்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க எடைக் குறைவு இல்லை. தசை சுருங்கி விரியும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுக்கும் கதவுகள், குளுட்-4 என்ற புரதங்கள், தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வருகின்றன. இன்சுலின் கட்டளைக்குக் காத்திருப்பதில்லை. எடை பார்க்கும் மெஷினில் இது தெரியாது.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவருக்கு எது பலன் தரும்?

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, அதாவது எச்பிஏ1சி, ஒழுங்கான பயிற்சியால் சராசரியாக 0.6 முதல் 0.7 புள்ளி வரை குறைகிறது. ஒரு மாத்திரை தரும் பலனுக்குப் பக்கத்தில் வரும் அளவு இது. நடையோடு எடை தூக்கும் பயிற்சியும் சேர்த்தவர்களுக்கு, ஒன்றை மட்டும் செய்தவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. நம் ஊரில் வாக்கிங் மட்டும்தான் உடற்பயிற்சி என்று ஆகிவிட்டது. தசைப் பயிற்சியை யாரும் எழுதிக் கொடுப்பதே இல்லை. இது ஒரு பெரிய குறை.

எப்போது நடப்பது? நியூசிலாந்தில் 41 நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், தினமும் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடந்ததைவிட, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை 12% குறைவாக இருந்தது. அதிக பலன் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலை 5 மணிக்கு எழ முடியாதவர்களுக்கு இது நல்ல செய்தி.

ஒரு ஏமாற்றத்தையும் சொல்ல வேண்டும். லுக் அஹெட் என்ற அமெரிக்க ஆய்வு சர்க்கரை நோயாளிகள் 5,145 பேரைப் பத்து வருடத்துக்குக் கிட்டத்தட்டத் தொடர்ந்தது. உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் தீவிரமாகச் செய்தவர்களுக்கு எடை குறைந்தது, சர்க்கரை குறைந்தது, நடமாட்டம் மேம்பட்டது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆகவே நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பிபி மாத்திரையையோ கொலஸ்ட்ரால் மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. இதயத்துக்கு வேலை கொடுப்பது ஆபத்தில்லையா?

மருத்துவர் சோதித்து அளவு குறித்துக் கொடுத்தால், சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அதைவிட ஆபத்து. மாரடைப்புக்குப் பிறகான பயிற்சித் திட்டம் இதய நோய் மரணத்தையும் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையையும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த ஒரு சிறிய ஆய்வு மருத்துவர்களையே திகைக்க வைத்தது. நெஞ்சுவலி நிலையாக இருந்த 101 ஆண்களில் பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு வீட்டில் பயிற்சி சைக்கிளில் தினமும் 20 நிமிடம், வாரம் ஒருமுறை கூட்டுப் பயிற்சி. ஒரு வருடம் கழித்து எந்த இதயச் சிக்கலும் இல்லாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 88%, ஸ்டென்ட் குழுவில் 70%. இது 2004-இல் வந்தது, சிறிய ஆய்வு, மாரடைப்பு வந்துகொண்டிருப்பவருக்கு இது துளியும் பொருந்தாது, அங்கே அடைப்பை உடனே திறப்பதுதான் உயிர் காக்கும். நிலையான நோயில் பயிற்சிக்கும் சிகிச்சை என்ற தகுதி உண்டு என்பதுதான் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது.

யோகா? இந்தியாவில் 24 மையங்களில் 3,959 மாரடைப்பு நோயாளிகளிடம் யோகா அடிப்படையிலான மறுவாழ்வுத் திட்டத்தைச் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். நோயாளிகள் தங்கள் உடல்நிலை மேம்பட்டதாகச் சொன்னார்கள், பழைய வேலைகளுக்குத் திரும்பினார்கள். மரணமும் மறுமாரடைப்பும் குறைந்ததாக உறுதியாகக் காட்ட முடியவில்லை. யோகா செய்யுங்கள், தாராளமாக. அடைப்பைக் கரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பாத்ரூம் வரை போனாலே மூச்சு வாங்குகிறது, எங்கே பயிற்சி செய்வது?

இந்த நோயாளிகள்தான் பயிற்சியால் மிக அதிகம் மீள்பவர்கள், இவர்களுக்குத்தான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது. மூச்சு வாங்கும் என்று பயந்து நடப்பதைக் குறைப்பார்கள், கால் தசை இளைக்கும், இளைத்த தசை சீக்கிரம் களைத்து அதிக மூச்சைக் கேட்கும், பயம் கூடும். பயிற்சியால் நுரையீரல் திரும்ப வராது. கால் தசை திரும்ப வரும். அதே நுரையீரலை வைத்துக்கொண்டு அதிக தூரம் போக முடியும்.

இதை அளக்கும் முறை எளிமையானது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் 30 மீட்டர் அளந்து இரு முனையிலும் ஒரு கூம்பு வைப்பார்கள். விரலில் ஆக்சிஜன் மானி. ஆறு நிமிடம் நோயாளி தன் வேகத்தில் போய்வர வேண்டும். மூச்சு முட்டினால் சுவரில் சாய்ந்து நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. பக்கத்தில் நிற்பவர் இஷ்டத்துக்கு உற்சாகப்படுத்தக் கூடாது. நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைத்த வாக்கியத்தை ஒரே குரலில் சொல்வார். 65 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்ததில், மறுவாழ்வுப் பயிற்சி பெற்றவர்கள் இந்தச் சோதனையில் சராசரியாக 44 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். படிப்பவருக்கு அது ஒன்றரைத் தாழ்வாரம். அவருக்குப் பாத்ரூமுக்கும் வாசலுக்கும் உள்ள வித்தியாசம்.

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தவருக்கு உடற்பயிற்சி எதற்கு?

களைப்பு குறையும், மனம் தேறும் என்று முன்பே தெரியும். உயிர் பிழைப்பதற்கும் உதவுமா என்பதில்தான் சந்தேகம் இருந்தது. 2025 ஜூனில் சேலஞ்ச் என்ற ஆய்வின் முடிவு வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேர், பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர்கள். இரண்டு குழுவுக்கும் ஆரோக்கியக் கையேடு கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் மூன்று வருடம் ஒரு பயிற்சி ஆலோசகரின் துணை. ஏற்கெனவே செய்வதோடு வாரம் மூன்று நான்கு முறை முக்கால் மணி நேர வேக நடை அளவுக்குக் கூட்டுவது இலக்கு.

ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3%, கையேட்டுக் குழுவில் 73.9%. எட்டு வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 90.3%, 83.2%. தசை, மூட்டு வலிகள் பயிற்சிக் குழுவில் கொஞ்சம் அதிகம்.

இந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்தது ஒப்பீட்டுக் குழுதான். அவர்களுக்கும் உடற்பயிற்சி நல்லது என்று அச்சிட்டுக் கொடுத்தார்கள். நாம் இங்கே நல்ல ஆஸ்பத்திரிகளில் கொடுப்பதும் அதே கையேடுதான். உயிரைக் கூடுதலாகக் காப்பாற்றியது, மாதாமாதம் கூப்பிட்டுக் கேட்ட அந்த ஆள். ஒரு கீமோ மருந்து இதே எண்களைக் காட்டியிருந்தால் எந்த விலையானாலும் வாங்கிக் கொடுப்போம்.

வேறு வகைப் புற்றுநோய்களுக்கும் இதே பலன் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது.

மூட்டுத் தேய்மானம் உள்ளவர் நடந்தால் இன்னும் தேயாதா?

தேயாது. தொடை முன்தசை பலப்பட்டால் முழங்கால் வலி குறைகிறது. பலன் மிதமானது, ஆனால் உண்மையானது. முதல் சில வாரம் வலி சற்றுக் கூடினால் பயந்து நிறுத்த வேண்டாம், அளவைக் குறைத்துத் தொடரலாம். முதுகுவலிக்கும் இப்படியே: ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் சோதித்ததில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டி நடக்க வைத்தவர்களுக்கு வலி திரும்ப வருவதற்கு 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள்.

பாட்டிக்கு 85 வயது. இனி என்ன பயிற்சி?

பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-இல் வெளியான முடிவில் கால் பலம் சராசரியாக 174% கூடியிருந்தது. வீட்டில் தொடங்க நாற்காலி போதும்: கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பக்கத்தில் ஒருவர் நிற்க. 'பாத்து, விழுந்துடாதீங்க' என்று சொல்லிச் சொல்லியே நாம் அவர்களை உட்கார வைத்துவிடுகிறோம்.

பத்தாயிரம் காலடி நடந்தே ஆக வேண்டுமா?

அந்த எண் ஆய்விலிருந்து வந்ததல்ல, 1960-களில் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் முதிய பெண்கள் 16,741 பேரைக் கவனித்தார்கள். ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களின் இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவு. சுமார் 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. இது கவனிப்பு ஆய்வு, குலுக்கல் இல்லை.

எல்லா நோய்க்கும் உடற்பயிற்சி நல்லதுதானே?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த நம்பிக்கையால் அடிபட்டவர்கள் இருக்கிறார்கள்.

எம்இ/சிஎஃப்எஸ், அதாவது நீடித்த களைப்பு நோய், என்று ஒன்று. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு பலருக்குத் தொடங்கும். இதன் அடையாளம், உழைப்புக்குப் பிந்தைய சரிவு: இன்று சிறிது கூடுதலாக நடந்தால் நாளையோ மறுநாளோ களைப்பும் வலியும் மூளை மந்தமும் பலமடங்காகி, நாட்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் படுக்கையில் தள்ளும். இவர்களுக்குப் படிப்படியாகப் பயிற்சியைக் கூட்டினால் நல்லது என்று பிரிட்டனில் 641 பேரிடம் செய்த பேஸ் என்ற ஆய்வு 2011-இல் சொன்னது. நோயாளிகள் எதிர்த்தார்கள். தங்கள் உடம்பு சொல்வது வேறு என்றார்கள். பிறகு பார்த்தால், 'குணமானவர்' என்பதற்கான வரையறை முதலில் திட்டமிட்டதைவிடத் தளர்த்தப்பட்டிருந்தது. உடல் இயக்க அளவுகோலில், ஆய்வில் சேரும் அளவுக்கு நோயுள்ளவரே 'குணமானவர்' எல்லைக்குள்ளும் வர முடியும் என்ற நிலை. 2021-இல் பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, இந்த நோய்க்கு அந்தப் பயிற்சி முறையைக் கொடுக்கக் கூடாது என்று வழிகாட்டுதலை மாற்றியது.

கோவிட்டுக்குப் பிறகு நீண்ட நாள் களைப்பு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கும் இதே சரிவு இருக்கிறது. அப்படிப்பட்டவரிடம் 'மனசு வச்சா முடியும்' என்று சொல்லி நடக்க வைப்பது சிகிச்சை ஆகாது. உங்களுக்கு இது இருக்கலாம் என்று தோன்றினால், நடந்த நாளையும் படுத்த நாளையும் ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

டாக்டர் 'நடங்க' என்று மட்டும் சொன்னால் நான் என்ன கேட்கலாம்?

எத்தனை நிமிடம், வாரத்தில் எத்தனை நாள் என்று கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் என்கிறது. உங்கள் நோய்க்கு அதில் எங்கே தொடங்குவது என்று கேளுங்கள். வேகத்துக்கு வீட்டுச் சோதனை உண்டு: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பிபி, இதய நோய்க்குத் தரும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவர்கள் நாடித்துடிப்பை நம்பிப் பயனில்லை, அந்த மருந்து துடிப்பைக் கட்டிவைக்கும்.

இன்சுலினோ, கிளிமிப்பிரைடு வகை மாத்திரையோ எடுத்தால் சர்க்கரை திடீரென இறங்கும்போது என்ன செய்வது என்றும், கண் திரையில் ரத்தக்கசிவோ பாதத்தில் புண்ணோ உணர்ச்சிக் குறைவோ இருந்தால் எந்தப் பயிற்சியைத் தவிர்ப்பது என்றும் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், இடது கை அல்லது தாடையில் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஓய்ந்தும் தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

கடைசியாக, மறுபடி எப்போது, எதை அளந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி-யா, ஆறு நிமிட நடைச் சோதனையா, பிபி-யா என்று தேதியோடு சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இடையில் போன் செய்து கேட்க அங்கே ஆள் இல்லை என்றால், வாரம் ஒருமுறை கூப்பிட்டு விசாரிக்க வீட்டிலோ தெருவிலோ ஒருவரை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.